இலை மெழுகைப் படித்தால் வேலை உண்டு

பயிர் இனப்பெருக்கம் படிக்கும் பிள்ளைகள் அதிகம் கேட்கும் கேள்வி, ‘எந்தப் பயிரை எடுத்தால் வேலை கிடைக்கும்?’ என்பதுதான். நெல்லா, பருத்தியா, மக்காச்சோளமா என்று யோசிப்பதிலேயே முதுகலையின் முதல் பருவம் கழிந்துவிடுகிறது. பயிர் பிறகு மாறும். வேலை தரும் நிறுவனம் எந்த விதையை விற்கிறதோ, எந்தத் திட்டத்துக்கு நிதி வந்திருக்கிறதோ, அதுவே உங்கள் பயிர் ஆகிவிடும். எங்கே போனாலும் கூட வருவது, ஒரு பண்பைக் கண்ணால் பார்த்து, முறையாக அளந்து, வயலில் நிற்கும் ஆயிரம் செடிகளில் எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று முடிவெடுக்கும் தேர்ச்சி. அதை எந்தப் பண்பில் பழகுவது என்று கேட்டால், இலையின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சில் பழகுங்கள் என்பேன். கோவையில் படிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பண்பு எனக்குத் தெரிந்து இல்லை.

வெள்ளைப் பூசணியைத் தூக்கினால் கையில் ஒட்டும் சாம்பல் பொடி மெழுகுதான். கரும்பில் கணுவுக்குக் கீழே வெளுத்துத் தெரியும் வளையமும் மெழுகுதான். சோளத்தில் கதிர் வெளிவரும் தறுவாயில் தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். இழுத்த இடத்தில் பச்சைக் கோடு விழும், விரல் நுனியில் வெள்ளை மாவு நிற்கும். எல்லாச் செடிகளின் இலைக்கும் நீர் எளிதில் கசியாத மெல்லிய மேல்தோல் உண்டு. அந்தத் தோலுக்கும் வெளியே இழைகளாகவும் செதில்களாகவும் வளர்வதுதான் இந்தப் பூச்சு. வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பி இலையின் சூட்டைக் குறைக்கும். இலைத்துளைகள் மூடிய பிறகும் தோல் வழியாகக் கசியும் நீரைத் தடுக்கும். பயிர்களில் இந்தப் பூச்சு மிக அடர்த்தியாக இருப்பவற்றில் சோளம் ஒன்று. பல்லடம், தாராபுரம், காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காடுகளில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில், மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டை நம்பி மக்கள் இருந்ததற்கு இந்தப் பூச்சும் ஒரு காரணம்.

கோவை முன்பே செய்த வேலை

இந்தப் பண்பின் மரபியல் பெரும் பகுதி எழுதப்பட்ட ஊர்களில் கோவையும் ஒன்று என்பது இங்கே படிக்கும் பலருக்குத் தெரியாது. கோவையில் 1923-ல் சிறுதானிய இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே சிறுதானிய நிபுணராக இருந்த ஜி.என். ரங்கஸ்வாமி ஐயங்காரும் அவருடைய குழுவினரும் சோளத்தின் ஒவ்வொரு பண்பும் எப்படித் தலைமுறைக்குத் தலைமுறை இறங்குகிறது என்று வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார்கள். இலை நடுநரம்பின் நிறம், உமியின் நிறம், தண்டின் சாறு என்று எதையும் விடவில்லை. 1937-ல் சோளத்தின் மெழுகுப் பூச்சு பற்றியே தனிக் கட்டுரை வந்தது. அடர்ந்த பூச்சு ஓங்கு பண்பு, குறைந்த பூச்சு ஒடுங்கு பண்பு, இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு மரபணு என்று அவர்கள் காட்டினார்கள். 1941-ல் ஐயங்காரும் பி.டபிள்யூ.எக்ஸ். பொன்னையாவும் பூச்சே இல்லாத சோளத்தைக் கண்டு, அதன் மரபு வழியையும் கரன்ட் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். இன்றும் பூச்சற்ற சோளத்தைப் பற்றி எழுதுபவர்கள் கோவையின் இந்தக் கட்டுரைகளைக் காட்டுகிறார்கள். 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தப் பூச்சை ஆளும் ஓர் இடத்தைச் சோளத்தின் பத்தாவது குரோமோசோமில் குறித்தார்கள். கோவைக் குழுவுக்கு அப்படி இடம் குறிக்கும் வசதி எதுவும் கிடையாது. பாத்தி பாத்தியாக நடந்து, செடி செடியாக எண்ணி, விகிதம் போட்டே அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அந்த நடை இன்றைய மாணவருக்கும் வேண்டும் என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கரும்பிலும் கோவைக்கு ஒரு வரலாறு உண்டு. 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் தோட்டக் கரும்பைக் காட்டுக் கரும்போடு கலந்து கோ 205 ரகத்தை உண்டாக்கினார்கள். அங்கே இன்றைக்கும் ஒரு ரகத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்களில் கணுவிடை மெழுகும் இலையுறை மெழுகும் இருக்கின்றன. இது வேலையோடு நேரடியாகத் தொடர்புடைய செய்தி, பிறகு வருகிறேன்.

நல்லதா, கெட்டதா?

மெழுகுப் பூச்சு அதிகமாக இருந்தால் நல்லது என்று எழுதிக்கொண்டு நேர்காணலுக்குப் போகாதீர்கள். இந்தப் பண்பு ஏன் நல்ல பயிற்சி என்றால், இதற்கு ஒரே பதில் கிடையாது.

வறட்சிக்குப் பூச்சு உதவும், அதில் பெரிய சந்தேகம் இல்லை. 1980-களில் ஆஸ்திரேலியாவில் கோதுமையில் பூச்சு உள்ள வரிசைகளையும் இல்லாதவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தபோது, வறண்ட நிலத்தில் பூச்சுள்ளவை கூடுதல் மகசூல் தந்தன. பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1990-களில் சோள விதையில் செயற்கையாக மாற்றம் உண்டாக்கிப் பூச்சு இழந்த செடிகளைப் பெற்றார்கள். அவை தோல் வழியாக அதிக நீரை இழந்ததோடு, இலைக்கருகல் நோய்க்கும் எளிதில் ஆளாயின. 2008-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகக் குழு நெல்லில் இலை மெழுகை ஆளும் மரபணுப் பகுதிகளைத் தேடி வெளியிட்ட ஆய்வும் வறட்சியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதுதான்.

பூச்சி பக்கம் திரும்பினால் கணக்கு மாறிவிடுகிறது. ஓக்லஹோமாவில் பூச்சற்ற சோளத்தைப் பச்சை அசுவினி விரும்பவில்லை என்று கண்டார்கள். கலிபோர்னியாவில் 1934-லேயே வெங்காயத்தில் இதைப் பார்த்திருக்கிறார்கள். பாரசீகத்திலிருந்து வந்த ஒரு வெள்ளை வெங்காயத்தின் தாள் மெழுகு குறைந்து பளபளப்பாக இருந்தது, அதில் இலைப்பேன் குறைவாக இருந்தது. நம் சின்ன வெங்காயக்காரர்களுக்கு இதன் இன்னொரு முகம் நன்றாகத் தெரியும். வெங்காயத் தாளில் மருந்து நிற்காது, உருண்டு கீழே ஓடிவிடும். அதனால்தான் பொங்கலூர்ப் பக்கம் டேங்கில் ஒட்டும் திரவம் கலக்காமல் யாரும் வெங்காயத்துக்கு மருந்தடிப்பதில்லை.

கொங்கு நாட்டுக்கு மிக நெருக்கமான கதை குருத்து ஈ. சோளம் முளைத்த முதல் நான்கு வாரத்துக்குள் இந்த ஈ இலையின் அடிப்பக்கத்தில் சுருட்டு வடிவில் வெள்ளை முட்டையை ஒவ்வொன்றாக இடும். முட்டையிலிருந்து வரும் புழு இலை வழியாக ஊர்ந்து குருத்துக்குள் இறங்கி வளர்முனையை அறுத்துவிடும். நடுக்குருத்து காய்ந்து, பிடித்து இழுத்தால் கையோடு வரும். தாமதமாக விதைத்த காட்டில் பாதிப்பு கூடும். இலையின் மேல் பனி ஈரம் இருந்தால் புழுவுக்குப் பயணம் எளிது. இளம் பருவத்தில் இலை மெழுகுப் பொடி இல்லாமல் பளபளப்பாக இருக்கும் ரகங்களில் குருத்துக்குள் ஈரம் குறைவாகச் சேர்வதையும், பாதிப்பு குறைவதையும் ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தில் விரிவாக ஆராய்ந்தார்கள். ஐ.எஸ். 18551 இதற்குப் பெயர்போன தாங்கும் வகை, ஸ்வர்ணா எளிதில் பாதிக்கப்படும் வகை. ஒப்பிடுவதற்கென்றே இரண்டையும் சோதனைப் பாத்தியில் நடுவார்கள். மராட்டியத்தின் மால்தண்டி சோளமும் பளபளப்பு வகைதான். அதே பொன்னையா 1951-ல் குருத்து ஈக்குத் தாங்கும் சோளங்களைப் பற்றி எழுதி, இலையிலுள்ள சிலிக்கா மணிகளைக் காரணமாகக் காட்டினார் என்பதையும் தேடிப் படியுங்கள். ஒரே மனிதர் பூச்சையும் பூச்சியையும் தொட்டிருக்கிறார்.

ஆகவே ஒரே சோளச் செடியிடம் நாம் இரண்டு எதிரெதிரான வேண்டுகோள் வைக்கிறோம்: முதல் சில வாரம் மெழுகுப் பொடி இல்லாமல் பளபளவென்று இரு, கதிர் வரும்போது அடர்ந்து பூத்துக்கொள். நல்ல செய்தி என்னவென்றால் இளம் இலையின் மெழுகும் முதிர்ந்த செடியின் பூச்சும் தனித்தனிப் பண்புகள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது கெட்டுப்போக வேண்டியதில்லை. இதைப் புரிந்துகொண்டவர் ‘எந்தப் பருவத்தில், எதற்காக, யாருக்காக’ என்று கேட்கக் கற்றுக்கொள்கிறார். தேர்வாளர்கள் எதிர்பார்ப்பது அந்தக் கேள்வியைத்தான்.

கையில் வர வேண்டிய வேலை

முதலில் பளபளப்புப் பார்வை. முளைத்த பத்திலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள், காலை வெயிலில், சூரியன் இலையில் பட்டுத் திரும்பும் பக்கமாக நின்று பார்க்க வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண், ஒன்று என்றால் மிகுந்த பளபளப்பு. சந்தேகம் வந்தால் தெளிப்பானில் தண்ணீர் எடுத்து லேசாக அடியுங்கள். பளபளப்பு இலையில் நீர் ஒட்டிப் படரும், மெழுகுப் பொடி உள்ள இலையில் முத்து முத்தாக உருண்டு விழும். இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். மாறுபட்டால் மறுபடி பாத்திக்குப் போங்கள், மேசையில் உட்கார்ந்து சராசரி போடாதீர்கள். பண்ணையில் பல வருஷம் வேலை பார்த்த அக்காக்களின் கண் பல நேரம் மாணவர் கண்ணைவிடத் துல்லியம். “தம்பி, காத்தாலயே வந்துருங்க, வெயில் ஏறிப்போச்சுன்னா எல்லா எலையும் ஒரே மாதிரித்தானுங்க தெரியும்” என்று அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அது ஆராய்ச்சிக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் இருக்கிற விஷயம்.

அடுத்தது மெழுகின் அளவு. இதற்கு 1977-ல் எபர்கான், ப்ளம், ஜோர்டன் என்ற மூவர் சோள இலைக்காகவே தந்த வழிதான் இன்றும் நம் ஆய்வகங்களில் நடைமுறை. இலையில் வட்டத் துண்டுகள் வெட்டி, 15 மில்லி குளோரோஃபார்மில் 15 விநாடி முக்கி எடுக்க வேண்டும். அந்த 15 விநாடியில்தான் எல்லாம் இருக்கிறது. நீட்டினால் இலைக்குள்ளிருக்கும் கொழுப்பும் கரைந்து வந்து கணக்கைக் கெடுக்கும். வடிகட்டி, கொதிநீர்த் தொட்டியில் குளோரோஃபார்ம் வாசனை போகும்வரை ஆவியாக்கி, அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் 5 மில்லி ஊற்றி அரை மணி நேரம் கொதிநீரில் வைக்க வேண்டும். ஆறிய பின் 12 மில்லி தூய நீர் சேர்த்து, நிறமானியில் 590 நானோமீட்டரில் படிக்க வேண்டும். மெழுகு எவ்வளவோ அவ்வளவு நிறம் மாறும்.

ஆய்வகப் பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள். குளோரோஃபார்ம் ஆவி, அடர் கந்தக அமிலம், புற்றுநோய் தரக்கூடிய குரோமியம் ஆகிய மூன்றும் இந்த ஒரே சோதனையில் இருக்கின்றன. ஆவி உறிஞ்சும் அறை, கையுறை, கண்ணாடி மூன்றும் இல்லாமல் செய்யச் சொன்னால், செய்ய மாட்டேன் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். மீந்த குரோமியக் கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றக் கூடாது, தனிக் கலனில் சேர்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் இதை முதல் நாளே கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்.

வயல் பக்கம் இன்னும் சில. மாதிரி எடுக்கும் இலையை விளிம்பில் பிடியுங்கள், விரல் பட்ட இடத்தில் மெழுகு போய்விடும். எல்லாச் செடியிலும் ஒரே இலையை, மேலிருந்து மூன்றாவது என்றால் எங்கும் மூன்றாவதையே, ஒரே வயதில் எடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் இலைகள் உரசி உரசிப் பூச்சு தேய்ந்திருக்கும், பலத்த மழையும் தேய்க்கும். ஆகவே வரப்போர வரிசையை விட்டுவிட்டு உள் வரிசையில் எடுங்கள். குறிப்பேட்டில் பென்சிலால் எழுதுங்கள், பனியிலும் வியர்வையிலும் மை கரையும். அன்றைய காற்று, மழை, பாசனம் மூன்றையும் பக்கத்தின் மேலேயே குறித்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு எண் ஏன் விலகி நிற்கிறது என்று வழிகாட்டி கேட்கும்போது அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

வேலை எங்கே?

பிளஸ் டூ முடித்தவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்கு ஆண்டு வேளாண் பட்டப்படிப்பு முதல் படி. நீட் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடக்கும். அதன் பிறகு முதுகலையில் மரபியல் மற்றும் பயிர் இனப்பெருக்கம் எடுத்தால்தான் மெழுகைத் தொட முடியும் என்றில்லை. பயிர் வினையியல், பூச்சியியல், உயிரித்தொழில்நுட்பம் என்று எந்தக் கதவு வழியாகவும் இந்தப் பண்புக்குள் வரலாம். பூச்சியியல் படித்துவிட்டு இனப்பெருக்கக் குழுவில் சேர்ந்தவர்களுக்கு நல்ல மதிப்பு இருக்கிறது.

பலருக்கு முதல் சம்பளம் திட்ட வேலையில் வரும். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023-ல் திருத்திய விகிதப்படி, நெட் தகுதியுள்ள இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும் என்பதைத் தெரிந்தே சேருங்கள். சேரும்போதே திட்டம் எத்தனை ஆண்டு, எந்த ஆண்டில் நிற்கிறது என்று கேளுங்கள். கோவையிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானியத் துறை, கரும்பு இனப்பெருக்க நிலையம், மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் என்று மூன்று இடங்கள் ஒரு பேருந்துப் பயணத்தில் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போகத் தயார் என்றால் வாகரை மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம், கோவில்பட்டி, திருவண்ணாமலை மாவட்டத்து அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையம், ஐதராபாத்தில் இந்தியச் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனம், பக்கத்தில் இக்ரிசாட். நிரந்தர விஞ்ஞானி வேலைக்கு வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் (ஏ.எஸ்.ஆர்.பி.) நடத்தும் தேர்வு. வேளாண் அறிவியல் மையங்களின் பாட வல்லுநர் வேலையும் அதே வாரியம் நடத்தும் தேர்வில் உண்டு. கல்வித் தகுதி அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் படித்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

கரும்பு மெழுகு பற்றிச் சொன்னது இங்கேதான் பயன்படுகிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு புதிய ரகத்தைப் பதிவு செய்ய, அது மற்றவற்றிலிருந்து வேறுபட்டது, ஒரே சீரானது, தலைமுறைக்குத் தலைமுறை மாறாதது என்று சோதித்துக் காட்ட வேண்டும். கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுகிற வேலை அது. விதை நிறுவனங்கள் ரகத்தைப் பதிவு செய்ய வரும்போது இதைச் செய்யத் தெரிந்தவரைத்தான் தேடுகின்றன. கோவையில் இருக்கும் மாநில விதைச்சான்று இயக்குநரகத்தின் வேலையும் இதே கண்ணை வைத்துத்தான் நடக்கிறது. விதைப் பாத்தியில் ரகம் மாறிய செடியைப் பிடுங்க, பூச்சுள்ள செடிகளுக்கு நடுவே பூச்சற்ற ஒன்று நிற்பதை நான்கு வரிசை தள்ளியே பார்த்துவிட வேண்டும்.

தனியார் விதை நிறுவனங்கள் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தூரில் ராசி சீட்ஸ் போலக் கொங்கு எல்லையிலேயே வளர்ந்த பெரிய நிறுவனம் உண்டு. ஐதராபாத்தைச் சுற்றி நிறைய உண்டு. அங்கே முதல் இரண்டு மூன்று வருடம் சோதனைப் பாத்திகளில்தான் போகும். ஒரு பருவம் தாராபுரம், அடுத்த பருவம் கர்நாடகம் என்று அலைய வேண்டியிருக்கும். கன்னடமோ தெலுங்கோ பேசத் தெரிந்தவர் முன்னுக்கு வருவார். மருந்து நிறுவனங்களிலும் வாய்ப்பு இருக்கிறது. எந்த இலையில் மருந்து ஒட்டும், எதில் ஓடும், எந்த ஒட்டும் திரவம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது முழுக்க இலை மெழுகின் பாடம். இதைப் படித்தவர்கள் அங்கே குறைவு.

சுயவிவரத்தில் ‘இலை மெழுகு அளவீட்டில் அறிவு உண்டு’ என்று எழுதுவதால் பயன் இல்லை. எத்தனை வரிசைகள், எத்தனை முறை, எந்தப் பருவம், எந்தக் கருவி, எந்த ஒப்பீட்டு ரகம், கடைசியில் எத்தனை வரிசைகளை வைத்துக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். நேர்காணலுக்குக் குறிப்பேட்டையே எடுத்துப் போனாலும் தவறில்லை, மண் படிந்த குறிப்பேட்டைப் பார்த்தால் பெரும்பாலான பிரீடர்களின் முகம் மலரும். விவசாயி தோட்டத்தில் சோதனை வைத்திருந்தால் அவர் சொன்ன குறையையும் சேர்த்து எழுதுங்கள். மகசூல் எவ்வளவு வந்தாலும் மாடு தின்னாத தட்டை காங்கேயத்துக்காரர் மறுவருஷம் விதைக்க மாட்டார். பூச்சு குறைந்த தட்டு மாட்டுக்கு எளிதில் செரிக்கும் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. தானியம் கேட்பவர், தீவனம் கேட்பவர் இருவருக்கும் ஒரே ரகம் போதுமா என்பது நீங்களே எடுத்துச் செய்யத்தக்க ஆய்வுக் கேள்வி.

இந்த ஆடிப்பட்டத்துக்குள் தொடங்கிவிடலாம், பணம் அதிகம் ஆகாது. உள்ளூர் வெள்ளைச் சோளம் ஒன்று, இறுங்குச் சோளம் ஒன்று, கோ எஃப்.எஸ். 29 அல்லது 31 தீவனச் சோளம் ஒன்று, கிடைத்தால் மால்தண்டி ஒன்று என்று நான்கு வகை விதை வாங்குங்கள். வீட்டுப் பின்னால் வெயில் படும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிசை, பத்து நாள் இடைவெளி விட்டு இரண்டு தடவையாக விதையுங்கள். முளைத்த பத்தாம் நாள் காலையில் பளபளப்பு மதிப்பெண், 28-ஆம் நாள் காய்ந்த நடுக்குருத்து எத்தனை, கதிர் வரும்போது இலையுறைப் பூச்சு எப்படி என்று மூன்று பத்திகளில் எழுதுங்கள். இளஞ்சோளத்தில் நச்சு இருக்கும், ஆடு மாடு அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுவடைக்குப் பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சிறுதானியத் துறைக்குப் போய், ‘இதைப் பார்த்துச் சொல்லுங்க ஐயா’ என்று கேளுங்கள்.